காது குடுத்தா பாறை

உக்காருங்கப்பா, நெழலு பாத்து உக்காருங்க. சாமி கோயிலை விட்டுக் கெளம்பி மேல வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். திருப்பூர்லருந்து வேன் புடிச்சு வந்திருக்கீங்க, சும்மா ஃபோனை நோண்டிக்கிட்டு இருந்தா என்னா அர்த்தம்? நம்ம வம்சத்துக் கதைய நான் சொல்றேன். ஒண்ணு மட்டும், குறுக்க பேசப்படாது. குறுக்க பேசுனா எனக்குக் கோவம் வரும், கோவம் வந்தா பாதியில எந்திரிச்சுப் போயிருவேன். அப்பறம் வேற ஆளத் தேடுங்க.

துப்பாக்கின்னு ஒண்ணு இருக்குன்னே இந்த மலைக்குத் தெரியாத காலமாம். அப்ப இந்த ஈச்சங்கரட்டுல நாப்பது வீடு. நாப்பது வீட்டுக்கும் ஒரே சாமி, ஒரே ஊத்து, ஒரே முதவில்லு. முதவில்லுன்னா என்னா? சாமி பேரச் சொல்லி வேட்டைக்குப் போறப்ப, மொத அம்பு விடுற பாத்தியதை உள்ள ஆளு. ஊரு பூராம் அங்கிட்டுச் சரிவுல நின்னு கொட்டடிச்சு, கூப்பாடு போட்டு, மிருகத்தைக் கெளப்பி விடும். முதவில்லு மட்டும் ஒத்தையில மேலேறி, மிருகம் வர்ற தடத்துல, இந்தா நமக்குப் பின்னால நிக்குதே, இந்தப் பாறையில உக்காந்திருக்கணும். கூட ஒரு ஈ காக்கா வரப்படாது. பொம்பள நெழலு விழவே படாதுன்னு வச்சிருந்தாய்ங்க.

அப்ப முதவில்லா இருந்தவரு மொக்கையன். நம்ம பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். ஆளு நல்ல ஒசரமாம். வாயும் ஒசரந்தான். வீட்டுக்குள்ள பேசுனா தெருவுக்குக் கேக்குமாம். அவரு பொஞ்சாதி பேரு ஒச்சாயி. குள்ளமா, ஒடிசலா, சத்தமில்லாத பொம்பள. எப்படித்தான் ரெண்டும் ஒத்து வாழ்ந்துச்சோ, அது அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம்.

ஒரு வருசம் மொக்கையனோட அம்புக்கூடு போயிருச்சு. அம்பறாத்தூணின்னு புத்தகத்துல போட்டிருப்பான், நம்ம ஆளுக சொல்றது அம்புக்கூடுதான். அவுக அப்பன் காலத்து மான்தோல் கூடு, எலி கடிச்சுக் கந்தலாப் போச்சு. புதுசு ஒண்ணு எடுக்கணும். ஊத்துக்கரையில மூணு கூடு கொண்டாந்து வச்சாய்ங்களாம். ஒண்ணு மான்தோலு, ஒண்ணு பனநாருல பின்னுனது, ஒண்ணு மூங்கிலு.

மொக்கையன் மான்தோலை எடுத்துத் தோள்ல மாட்டுனாரு. "நல்லாத்தான் இருக்கு. மழையில நனைஞ்சா கனக்கும். உள்ள ஈரம் ஏறி அம்போட எறகெல்லாம் ஒட்டிக்கிரும். வேணாம்"னாரு.

பனநாரை எடுத்தாரு. மாட்டிக்கிட்டு ஓடிப் பாத்தாரு. "முள்ளுக்குள்ள நொழைஞ்சா அப்படியே மாட்டிக்கிரும். அம்பு முனை அடியில பொத்துக்கிட்டு வந்து என் இடுப்புலயே குத்தும். வேணாம்."

மூங்கிலை எடுத்தாரு. நல்ல தடிச்ச மூங்கிலு, அடிக்கணுவை விட்டுட்டு மேக்கணுவைத் தட்டி எடுத்தது. லேசுன்னா அம்புட்டு லேசு. அம்பைப் புடிச்சு இழுத்தா வழுக்கிக்கிட்டு வருது. தண்ணிக்குள்ள முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. பத்து அம்பைப் போட்டுக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தாரு. மொகம் மலந்து போச்சாம்.

"சத்தமே இல்லப்பா! இதான் எனக்கு"ன்னாரு.

சுத்தி நாலு பேரு நின்னாய்ங்க. ஒரு பய கிட்ட வந்து காதைக் குடுத்துக் கேக்கல. ஊத்துல ஆடு கத்துது, பொம்பளைக கொடத்தை உருட்டுறாக, அதுல என்னா கேக்கும்? முதவில்லே சத்தமில்லன்னு சொன்னப்பறம் எவன் ஆட்டிப் பாப்பான்? ஆட்டிப் பாத்தா அவரை நம்பலன்னு ஆயிரும்ல. அந்த மரியாதைதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு.

அந்த வருசம் ஒரு ஒத்தைப்பன்னி மலையில எறங்கிருச்சாம். கூட்டத்தோட சேராத கெழட்டு ஆம்பளப் பன்னி. வரகு, சாமை ஒண்ணு விடல. கதிரு முத்தறதுக்குள்ள காட்டை உழுது போட்டுட்டுப் போயிருது. காவலுக்குப் போன ஒரு ஆளுக்குத் தொடையைக் கிழிச்சுப் போட்டுருச்சு. அந்தாளு அப்பறம் நடக்கவே இல்லையாம். அடுத்து அறுப்பு இல்லன்னா ஊரு என்னாத்தைத் தின்னும்? சாமி கும்பிட்டு வேட்டையக் கூட்டுனாய்ங்க.

மொக்கையன் பாறையில உக்காந்தாரு. கீழ கொட்டுச் சத்தம். பன்னி தடத்துல வருது. நேரா வருது. மொக்கையன் கையப் பின்னால கொண்டு போயி அம்பை உருவுறாரு. அம்புட்டுத்தான், பன்னி நின்னுச்சு, தலையைத் தூக்குச்சு, வந்த வழியே திரும்பிருச்சு.

அடுத்த வாரமும் அதே கதை. அதுக்கடுத்த வாரமும் அதே கதை.

ஊருக்குத் தலைவரு பெத்தண அம்பலம். கோவத்துல மொகத்துக்கு நேரா நின்னு கத்திக் கேட்டாரு: "என்னா மொக்கையா, வாடை போச்சா?"

"எதிர்க்காத்துல உக்காந்திருந்தேன் அம்பலம், வாடை எப்படிப் போகும்?"

"அப்ப சத்தம் கித்தம் போட்டியா?"

"சத்தமா? மூச்சுக்கூட விடல. சருகுகூட அசையல அம்பலம். காடே வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்துச்சு!"

அம்பலம் சொன்னாரு: "அப்படின்னா சாமி உன்னைய விட்டு வெலகிருச்சு. இன்னும் ஒரு வேட்டை பாப்போம். அதுலயும் தப்புச்சுன்னா வில்லைக் கோயில்ல வச்சிரு. வேற வீட்டுக்குப் போகட்டும்."

மொக்கையன் துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. "வில்லு என்னைய விட்டுப் போச்சுன்னா நான் பாறையிலருந்து ஊருக்குள்ள எறங்க மாட்டேன். அங்கிட்டு இருக்கிற பள்ளத்துல எறங்கிக்கிறேன்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டாரு. அந்தப் பள்ளத்தை எட்டிப் பாருங்க. ம்ம், ரொம்ப எட்டிப் பாக்க வேணாம்.

ஒச்சாயி காதுக்கும் இந்தப் பேச்சு வந்துருச்சு. மறுநா விடிகாலம் ஊத்துக்குத் தண்ணிக்குப் போறா. மொக்கையன் வில்லும் கூடுமாப் பின்னால வர்றாரு. கடக்கு கடக்குன்னு ஒரு சத்தம் கூடவே வருது. திரும்பிப் பாக்குறா. புருசன் ஒரு எட்டு வச்சா ஒரு கடக்கு. ரெண்டு எட்டு வச்சா ரெண்டு கடக்கு. மூங்கிலுக்குள்ள அம்புகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு வருது.

"இந்தாய்யா, என்னாய்யா இது, கூடு இப்படிப் பேசிக்கிட்டு வருது?"ன்னா.

அவரு பாட்டுக்கு நடந்து வர்றாரு.

புருசன் பேரைச் சொல்லிக் கூப்புடுற வழக்கமா அப்ப? "இந்தாய்யா, இந்தாய்யா"ன்னு நாலு தடவ கூப்புட்டா. கோவத்துல இருக்காரு போலன்னு நெனச்சா. வீட்டுக்கு வந்து அவரு முதுகுக்குப் பின்னால நின்னு வெங்கலச் செம்பைக் கீழ போட்டா. பக்கத்து வீட்டு நாயி எந்திரிச்சுக் கொலைக்குது. மொக்கையன் அம்புக்கு எறகு கட்டிக்கிட்டு இருக்காரு. திரும்பல.

யாத்தே! ஒச்சாயிக்கு அப்பத்தான் வெளங்குச்சு. காடு ஒண்ணும் வாயைப் பொத்தல. இவரு காதுதான் அடைச்சுப் போச்சு. கத்திக் கத்திப் பேசுறது, கூப்புட்டா திரும்பாதது, எல்லாம் அதுனாலதான். மொகத்துக்கு நேரா நின்னு கத்துனா மட்டுந்தான் காதுல ஏறுது. இம்புட்டு நாளு இந்த மனுசனோட ஒரே வீட்டுல இருந்திருக்கா, அவளுக்கே தெரியல பாருங்க. அடுப்பு முன்னால உக்காந்து வாயில சேலையை அடைச்சுக்கிட்டு அழுதாளாம்.

சரி, அழுது முடிச்சா. இப்ப இதை அவருகிட்ட எப்படிச் சொல்றது? குசுகுசுன்னு சொன்னா அவருக்குக் கேக்காது. அவருக்குக் கேக்குற மாதிரி சொன்னா நாப்பது வீட்டுக்கும் கேட்டுரும். செவிடனுக்கு எந்த ஊருலப்பா முதவில்லு குடுப்பான்? அவரு அசந்த நேரமாக் கூட்டுல துணியத் திணிச்சு வச்சிரலாமா? வேட்டைக்குக் காப்புக் கட்டுன கூட்டைப் பொம்பள தொடப்படாது. தொட்டா தீட்டு. அப்படியே தொட்டாலும், இந்த வருசத்துக்கு ஆச்சு, அடுத்த வருசம்? மூணு நாளா வாயை மூடிக்கிட்டுச் சுத்துனா. வேட்டை நாளும் வந்துருச்சு.

மொக்கையன் யாருகிட்டயும் சொல்லாமக் கொள்ளாம மலையேறிட்டாரு. போறப்ப பிள்ளைக தலையைத் தடவிட்டுப் போனாராம். அதைப் பாத்ததும் ஒச்சாயிக்கு அந்தப் பள்ளந்தான் நெனப்புக்கு வந்துச்சு. தீட்டாவது ஒண்ணாவது, சாமி கண்ணைக் குத்துனாக் குத்தட்டும்னு பின்னாலயே ஏறிட்டா.

இந்தப் பாறையில மொக்கையன் உக்காந்திருக்காரு. அவ சருகை மிதிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு ஏறி வர்றா. அவருக்குக் கேக்கல. கிட்ட வந்து தோளைத் தொட்டா. அவரு துள்ளிக் குதிச்சுக் கத்தியைத் தூக்கிட்டாரு.

"ஏடி! கூறு கெட்டவளே! இங்க எதுக்குடி வந்த? எறங்குடி கீழ!"

மலையே கேக்குற மாதிரி கத்துறாரு. அவ ஒரு கையால அவரு வாயைப் பொத்துனா. இன்னொரு கையால அவரு தோள்லருந்து கூட்டை உருவுனா. அவரு உள்ளங்கையை எடுத்து மூங்கிலோட வயித்துல வச்சு அமுக்குனா. கூட்டை ஆட்டுனா.

உள்ளங்கையில டொக்கு டொக்கு டொக்குன்னு இடிக்குது.

மொக்கையன் கூட்டைப் பாத்தாரு. திரும்பவும் ஆட்டச் சொன்னாரு. ஆட்டுனா. கண்ணை மூடிக்கிட்டுக் காதுகிட்ட வச்சாரு. ஒண்ணுமில்ல. கையை வச்சாரு, இடிக்குது. காதை வச்சாரு, ஒண்ணுமில்ல. அப்படியே பாறையில உக்காந்துட்டாரு.

"எம்புட்டு நாளாடி?"ன்னாரு. வாழ்க்கையிலயே மொத தடவையா மெல்லப் பேசுனாரு.

தெரியலய்யான்னு கையை விரிச்சா.

"ஊருக்குத் தெரியுமா?"

இல்லன்னு தலையாட்டுனா.

"வீட்டுல வச்சே சொல்லியிருக்கலாம்லடி."

"எப்படிய்யா சொல்ல? உனக்குக் கேக்குற மாதிரி சொன்னா ஊருக்கே கேட்டுருமேய்யா"ன்னா. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டாரோ, மொகத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டாரோ, அவளைக் கிட்ட இழுத்து உக்கார வச்சுக்கிட்டாராம்.

கீழ கொட்டு கெளம்பிருச்சு. ஒச்சாயி முந்தானையைக் கிழிச்சா. பாதியைச் சுருட்டிக் கூட்டுக்கு அடியில போட்டா, மீதியை அம்புகளுக்கு நடுவுல செருகுனா. ஆட்டிப் பாத்தா. "பேசல"ன்னு கையை ஆட்டிச் சொன்னா. அப்பறம் அவரு முதுகுக்குப் பின்னால ஒடுங்கி உக்காந்து, ரெண்டு தோள்லயும் ரெண்டு கையை வச்சா. சருகு சத்தம் எடது பக்கம் கேட்டா எடது தோளை அமுக்குறா. வலது பக்கம் கேட்டா வலது தோளு. எடது, எடது, நடுவுல, இந்தா வந்துருச்சு. மொக்கையன் அம்பை உருவுனாரு. பன்னி தலையைத் தூக்கல. ஒரே அம்பு, தோள்பட்டைக்குப் பின்னால.

ஊரு குலவையும் கொட்டுமா மேல வந்துச்சு. வந்து பாத்தா, பாறையில பொம்பள! கொட்டு நின்னு போச்சு.

அம்பலத்துக்கு மொகம் செவந்துருச்சு. "ஒச்சாயி, காப்புக் கட்டுன வேட்டையில உனக்கு என்னா வேலை? நாப்பது வீட்டுக்கும் தீட்டைக் கொண்டாந்துட்டியே! இவளை ஊருக்குள்ள விடப்படாதுப்பா."

ஒச்சாயி வாயைத் தெறக்கல. தான் எதுக்கு வந்தோம்னு சொன்னா புருசனுக்கு வில்லு போயிரும், சொல்லலன்னா தனக்கு ஊரு போயிரும். ஊரு போனாப் போகட்டும்னு தலையைக் குனிஞ்சு நிக்கிறா.

அம்பலம் அவ பக்கம் திரும்பிச் சொன்னது மொக்கையனுக்குக் கேக்கல. ஆனா பொஞ்சாதி தலை குனிஞ்சு நிக்கிறது தெரியுதுல்ல? அவரு மட்டும் சும்மா இருந்தா வில்லும் அவருக்கு, பன்னியும் அவருக்கு, பேரும் அவருக்கு. எந்திரிச்சாரு. வில்லை அம்பலத்தோட காலடியில வச்சாரு.

"எனக்குக் காது கேக்காது அம்பலம். அவ கேட்டா, நான் அடிச்சேன். தீட்டுன்னா அது என்னோட தீட்டு. இந்தா வில்லு."

அப்பறம் மொக்கையனே, "ஒண்ணே ஒண்ணு. நீங்க எல்லாரும் காது கேக்குறவுக. உங்க கூட்டையும் ஒருக்கா அவகிட்டக் குடுங்க"ன்னாரு.

பதினோரு கூடு இருந்துச்சாம். ஒச்சாயி ஒவ்வொண்ணா ஆட்டுனா. "பேசல. பேசுது. பேசுது. பேசல. பேசுது." பதினொண்ணுல ஏழு பேசுச்சு. அதுல ஒண்ணு அம்பலத்தோடது. பதினைஞ்சு வருசமாத் தோள்ல தொங்குனது. தெனம் கேக்குற சத்தம், அவரு காதுக்கு அது சத்தமாவே படல. அம்பலம் தன்னோட கூட்டைத் தானே வாங்கி மறுபடி ஆட்டிப் பாத்தாராம். குனிஞ்சு வில்லை எடுத்தாரு. மொக்கையன் கையில குடுக்கல, ஒச்சாயி கையில குடுத்தாரு. அவ அதைப் புருசன்கிட்டக் குடுத்தா.

அன்னையிலருந்து நம்ம வம்சத்துல எவனும் தன் கூட்டைத் தானே பாத்து எடுக்கிறதில்ல. பொஞ்சாதி பின்னால நின்னு ஆட்டி, "பேசல"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் கொட்டு கெளம்பும். இப்ப வேட்டை ஏது, ஃபாரஸ்ட்காரன் விடுவானா? வாழைத்தண்டுலதான் அம்பு போடுறோம். ஆனாலும் அந்தச் சொல்லு இல்லாம அம்பு கூட்டை விட்டு வெளிய வராது. இந்தப் பாறைக்குப் பேரு காது குடுத்தா பாறை. வேன்ல வரும்போது யாரோ சொன்னீங்களாம்ல, சாமிக்குக் காதை அறுத்துக் குடுத்தவ பாறைன்னு? அறுக்கவும் இல்ல, கிறுக்கவும் இல்ல. புருசனுக்குக் காது குடுத்தா, அம்புட்டுத்தான்.

இந்த வருசம் வில்லை எம் மகன் தூக்கிட்டு வருவான். பதினெட்டு வருசம் நான் எடுத்தேன். எம் பொஞ்சாதி செவனம்மா பின்னால நின்னு ஆட்டுவா. போன ஆவணியில அவ போயிட்டா. "மருமக ஆட்டட்டும்ப்பா, நீங்களே எடுங்க"ன்னு மகன் சொன்னான். ஆட்டலாம், தப்பில்ல. எனக்குத்தான் மனசு ஒப்பல. கோவக்காரன், கத்துறான், வள்ளுன்னு விழுறான்னு ஊரே என்னையச் சொல்லுது. எனக்கு என் சத்தம் கேக்கல. "இந்தாய்யா, மெல்ல"ன்னு சொல்ல அவ இல்லப்பா.