எட்டாவது அத்தியாயம் யாருக்கு?

மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்திருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த வாசகசாலையை வாழவைக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையும் முடித்து, வெளி வேலையும் முடித்து, இவன் பேச்சையும் முடித்துவிட்டே எழுவோம் என்று அமர்ந்திருக்கும் தாய்மார்களே, விண்ணப்பம் எழுதி எழுதியே விரல் தேய்ந்த இளையோரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

'மாறிவரும் வேலை உலகில் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பரிந்துரைப்பது எளிது. படிப்பதல்லவா பாடு? எனவே பட்டியலுக்கு முன்னால் என் பாவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஓர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில். எட்டுப் பேர், எட்டு நாற்காலி, ஒரே ஒரு சன்னல். அங்கே ஒரு நாள் வந்திறங்கியது கணினி. தானே திருத்தும், தானே அச்சடிக்கும், தானே அனுப்பும் என்றார்கள். தானே எல்லாம் செய்தால் நாங்கள் எதற்கு? அதனுடன் வந்த கையேட்டை, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டாகக் கொடுத்தோம். மேசை நின்றது. எங்கள் மனம்தான் ஆடியது.

மேலாளர் எங்களை அழைத்து ஒரு புத்தகத்தை நீட்டினார். "எல்லாரும் இதைப் படிங்க. வேலை எப்படி மாறுது, நாம எப்படி மாறணும்னு புட்டுப்புட்டு வெச்சிருக்கு" என்றார். எந்தக் கோப்பு வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் பிரிவின் வழக்கம். புத்தகத்தை மட்டும் விடுவோமா? எட்டு அத்தியாயம், எட்டுப் பேர். ஆளுக்கு ஒன்றைப் படித்து, தேநீர் நேரத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவது என்று முடிவானது.

சிரிக்காதீர்கள். பின்வரிசையில் பலமாகச் சிரிக்கிறாரே, அவர்தான் மூன்றாவது அத்தியாயம்.

ஏழாவது, தட்டச்சு அக்காவுக்கு. இருபத்திரண்டு ஆண்டுகள் பிழையின்றித் தட்டியவர். கணினி வந்ததிலிருந்து, தன் இயந்திரத்துக்கு உறை போட்டு, அதன் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். எட்டாவது, அடியேனுக்கு.

அந்த நாளும் வந்தது. அக்கா எழுந்தார். "பழைய வேலையிலேயே அஞ்சி அஞ்சி ஒட்டிக்கிட்டு இருக்காதே, துணிஞ்சு வெளியே வான்னு போட்டிருக்கு" என்றார். சொல்லும்போது அவர் கண் உறை போட்ட இயந்திரத்தின் மேலேயே இருந்தது. அடுத்தது என் முறை. நான் படித்திருந்தேனா? பக்கத்தைக்கூடப் பிரிக்கவில்லை. வாய் மட்டும் சும்மா இருக்குமா? "ஏழுல சொன்னதையேதான் எட்டுல கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கான்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மதியம் அக்காவின் இயந்திரம் ஒலித்தது. நெடுநாளைக்குப் பிறகு கேட்ட அந்தச் சத்தத்தில் நாங்களெல்லாம் மகிழ்ந்தோம். அவர் அடித்தது ராஜினாமாக் கடிதம் என்று யாருக்குத் தெரியும்? மேலாளர் அறையில் அதை வைத்துவிட்டு வந்து, மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். நான் கேட்டபோதுதான் ராஜினாமா என்றார். புத்தகத்தைத் தேடி எடுத்து, எட்டாவது அத்தியாயத்தைத் திறந்தேன். முதல் வரி என்ன தெரியுமா? 'சென்ற அத்தியாயத்தைப் படித்த வேகத்தில் ராஜினாமா எழுதியிருந்தால், தயவுசெய்து கிழித்துவிடுங்கள். முதலில் புதிய வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.'

ஓடினேன். மேலாளர் பேனா மூடியைத் திறந்துவிட்டிருந்தார். என் தவற்றைச் சொல்லி, அந்த வரியைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. "எட்டுல இப்படியா இருக்கு? நான் அட்டையைப் பார்த்துத்தான்யா எல்லாருக்கும் சொன்னேன்" என்றார்.

அக்காவை அழைத்துக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, வீட்டுல ரெண்டு பிள்ளைங்க படிக்குது. என் ஒருத்தி வேலையிலதான் குடும்பமே ஓடுது. படிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார். கூசிக் குறுகிப் போனேன், அவையோரே.

அக்கா கடிதத்தைக் கிழித்தார். புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். மறுநாள் குனிந்து, மேசைக்காலுக்கு அடியிலிருந்த கையேட்டையும் உருவினார். அதையும் முழுதாகப் படித்தார். மேசை மறுபடி ஆடியது, அக்கா ஆடவில்லை. மூன்றே மாதத்தில் எங்கள் ஏழு பேருக்கும் கணினி கற்றுக்கொடுத்தவர் அவர். எனக்கு மட்டும் இரண்டு முறை.

வேலை மாறும், கருவி மாறும், நாற்காலி மாறும். மாறட்டும். அரைகுறையாய் அறிந்தவனை அச்சம் ஆளும். முழுதாய் முனைந்து படித்தவனை அது என்ன செய்யும்?

இதோ, தலைவர் மணியை எடுத்துவிட்டார். உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். ஆம், அந்தத் தட்டச்சு அக்காதான் இன்றைய தலைவர். மேடையேறும்போது என் பட்டியலை வாங்கிப் பார்த்து, "தம்பி, பத்தையும் படிச்சாச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்கேயே பட்டியலில் ஏழு பெயர்களை அடித்துவிட்டேன். மீதி மூன்றின் பெயர்களையும் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒட்டிவிடுகிறேன். மூன்றையும் கடைசிப் பக்கம்வரை படித்தவன் என்ற தைரியத்தில், பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, மணி அடிக்குமுன் வணங்கி அமர்கிறேன்.