சாம்பலைத் தேடிய அதிகாரி

— அப்ப அந்த லீட்ஸ் எண்டவன் நேரா அடுப்புக்குள்ளையோ கையை விடுவான்?

— ஆமாண்ணே. வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஒரு வணக்கம்கூடக் கிடையாது. சாம்பல் சூடா இருக்கா, இல்லையா, அதான் முதல் விசாரணை. ஹைரம் லீட்ஸ், வாஷிங்டன் அரசாங்கம் அனுப்புன அதிகாரி. அமெரிக்காவுல மேற்குப் பக்கம் வெறும் புல்லா கிடந்த காலம், நூத்திமுப்பது வருஷம் இருக்கும். வர்றவனுக்கெல்லாம் நூத்தி அறுபது ஏக்கர் இனாம். அஞ்சு வருஷம் அங்கயே குடியிருக்கணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்.

— குடியிருக்காமலே காணியை அமுக்கியிருப்பினம்.

— அமுக்குனாங்க! வீட்டுக்குச் சக்கரம் மாட்டி, இன்னிக்கு உன் நிலம், நாளைக்கு என் நிலம்னு இழுத்துட்டுப் போய்க் காட்டுவாங்க. இவர் குதிரையில போய்ப் பிடிப்பாரு. அதுக்குப் பரிசா முழங்கால்ல ஒரு குண்டு. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் வீட்டையே பாத்த மனுஷன், தனக்குன்னு ஒரு குடிசை கட்டல. அவரைப் பத்தித்தான் என் தீசிஸே.

— உன்ரை தீசிஸ் நல்லாத்தான் கிடக்கு, கவியரசன். ஆனா ஊரிலையிருந்து மனிசியைக் கூப்பிட இந்த வீடு காணுமோ எண்டு பாக்கிற பிரெஞ்சு அரசாங்க மதாம் பதினொரு மணிக்கு வரப்போறா. உந்தக் கதையை ஏன் இப்ப அவிழ்க்கிறாய்?

— உங்க அடுப்பைப் பாருங்கண்ணே. ஸ்டிக்கர்கூட உரிக்கல! பாரிஸ்ல ரூ காய் தெருச் சாப்பாட்டுக் கடையில தினம் இருநூறு பேருக்குச் சமைக்கிற இராஜதுரை, இந்த வீட்டை வாடகைக்கு எடுத்து நாலு மாசமா ஒரு டீ போட்டதில்ல. இன்னும் பழைய ரூம்லயே அஞ்சு பேரோட படுத்துக் கிடக்கீங்க. வீட்டுல ஆளே இல்லைன்னு அந்தம்மா எழுதிட்டா அண்ணியோட விசா அவ்வளவுதான்.

— விசர்க் கதை கதையாதை. குடிபூராத வீட்டிலை எப்பிடிச் சமைக்கிறது? முதல் பால் நாகேஸ்வரியின்ரை கையாலைதான் பொங்கவேணும். கலியாணம் முடிச்சு நான் பிளேன் ஏறேக்கை அவ கேட்டது அது ஒண்டைத்தான்.

— சரி, சமைக்க வேணாம். ஒரு துண்டை நனைச்சு பாத்ரூம்ல போடுவோம். ரெண்டு எச்சில் தட்டு. கசங்குன போர்வை.

— துவாய் கிடக்கு, நனைச்சுப் போடு. எடேய், உன்ரை லீட்ஸ் உதுக்கு ஏமாறுவானோ?

— மாட்டாரு. பக்கத்து வீட்டுல போய்க் கேப்பாரு.

— கீழ்வீட்டுக் கிழவி சொல்லுவா, நாலு மாசமா மேலை ஒரு சத்தமும் இல்லையெண்டு. முடிஞ்சுது என்ரை கதை.

— அண்ணே, ஒரு கேஸ் இருக்கு. இன்னிக்குச் சொல்ல வேணாம்னு நெனச்சேன்.

— இனி என்ன, சொல்லு.

— யோன்னு பேரு, ஒரு நார்வேக்காரன். வீடு கட்டி, கட்டில் செஞ்சு போட்டு, பூட்டி வெச்சுட்டு இவன் மாட்டுக் கொட்டகையில படுத்துக்கிட்டான். பொண்டாட்டி கப்பல்ல வரணும். லீட்ஸ் அடுப்பைத் தொட்டாரு, ஜில்லுன்னு இருந்துச்சு. யாரும் இல்லைன்னு எழுதினாரு, நிலம் போச்சு. அடுத்த மாசம் அந்தப் பொண்ணு ரெண்டு புள்ளைங்களோட ரயில்ல வந்து இறங்கியிருக்கு. கடைசி நோட்டுல லீட்ஸ் எழுதுறாரு: ‘சாம்பல் இருக்கான்னு பாத்தேன். இந்த வீடு யாருக்குன்னு அவன்கிட்ட நான் கேக்கவேயில்ல.’

— நாகேசுக்கு ஒரு கோல் எடு தம்பி. முகம் தெரியிற மாதிரி எடு.

— லைன் கிடைச்சிருச்சு. பேசுங்க.

— இஞ்சரும், நாகேஸ். மதாம் வரப்போறா. இஞ்சை அடுப்பு இன்னும் மூட்டேல்லை எண்டு...

— மூட்டேல்லையோ? நேற்று வீட்டிலை மீன்குழம்பு வைச்சனான் எண்டியள்!

— அது கடைக் குழம்பு. நீர் கவலைப்படக்கூடாது எண்டு சொன்ன பொய்.

— அட கடவுளே! நாலு மாசமா வாடகையையும் குடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டியோ வைச்சிருக்கிறியள்? எனக்காகவோ?

— ஓம். உமக்காகத்தான்.

— பாலை வையுங்கோ.

— உம்மடை கை இல்லாமலோ?

— என்ரை கண் இருக்குத்தானே. போனை அடுப்படியிலை பிடிக்கச் சொல்லுங்கோ தம்பியை. நான் யாழ்ப்பாணத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.

— ஸ்டிக்கரை உரிச்சாச்சு அண்ணி. அடுப்பும் பத்திக்கிச்சு. அண்ணே, ஊத்துங்க.

— ஊத்திப்போட்டன். இருநூறு பேருக்குச் சமைக்கிற எனக்கு இதுதான் முதல் வீட்டுப் பால்.

— பெல் அடிக்குது! இன்னும் பதினொண்ணு ஆகலையே!

— போனைத் தா, உதிலை சாத்தி வைப்பம். முதல் அந்த ஈரத் துவாயை எடு, பேந்து கதவைத் திற. ஒண்டையும் மறைக்கவேண்டாம், உள்ளதைச் சொல்லுவம்.

— அந்த்ரே, மதாம். உள்ள வாங்க.

— போன்ஜூர், மெசியூ. கீ அபித் இசி?

— யாரு இங்க குடியிருக்கீங்கன்னுதானே கேக்கறாங்க. சொல்லுங்கண்ணே.

— விளங்குது தம்பி. நான் இருக்கிறன் எண்டு சொன்னால் அது பொய்யெல்லே...

— மூவா, மதாம்! ஜபித் இசி! இஞ்சரப்பா, போனிலை நிண்டு நானே சொல்லிப்போட்டன், நான்தான் அந்த வீட்டிலை இருக்கிறன் எண்டு. ஆறு மாசமா உங்களுக்குச் சொல்லாமல் பிரெஞ்சு படிக்கிறன். முழிச்சுக்கொண்டு நிக்காமல் மதாமுக்கு ஒரு கதிரை குடுங்கோ, எங்கடை பால் பொங்குது.