பென்சில் தூள்

மழைக்காலம் வந்தால் என் மேசை இழுப்பறையின் பூட்டு மக்கர் பண்ணும். எண்ணெய் விடக்கூடாது, தூசி ஒட்டி இன்னும் கெட்டுப்போகும். பென்சில் முனையைச் சீவி, அந்தக் கறுப்புத் தூளைச் சாவித் துவாரத்தில் ஊதினால் போதும், சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், நீங்கள் யாரைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்களோ அந்தச் சாவிக்காரர்தான். அப்போது அவர் சிறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கொலைவழக்கில் மாட்டிக்கொண்ட மனிதர், வக்கீலின் பூட்டுக்காகக் கவலைப்பட்டார். நல்ல மனிதர். அதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

ஏன் செய்தீர்கள் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். கொஞ்சம் பொறுங்கள்.

இருபத்தாறு வருஷமாக நான் சட்ட உதவி வக்கீல். கைதானவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்றம் என்னை அனுப்பும். இத்தனை வருஷத்தில் ஒரு கெடுவைக்கூட நான் தவறவிட்டதில்லை. வழக்குக் கட்டு வந்ததும் அட்டையில் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். "கல்யாண நாளை மறந்தாலும் வாய்தாவை மறக்கமாட்டீங்க" என்று என் மனைவி சொல்லிக்காட்டுவாள். சக வக்கீல்கள் என்னைக் 'காலண்டர்' என்று கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

தனியாக வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் கொலையுண்டு கிடந்தார். கதவு உடைபடவில்லை, சாவி போட்டுத் திறந்திருந்தார்கள். இரவு ஏழரை மணிக்கு அலறல் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்னால் அந்த வீட்டுக்கு மாற்றுச் சாவி செய்துகொடுத்தவர் நம் ஆள். பதினொரு நாள் கழித்து அவரைக் கைது செய்தார்கள்.

"அந்த நேரத்துல நான் மருந்துக்கடையில நின்னுட்டிருந்தேன் சார்," என்றார். "பாப்பாவுக்கு ஜுரம். தோள்லயே தூங்கிட்டா. அங்க கேமரா இருக்கு. அந்த ஷட்டருக்குப் பூட்டு போட்டதே நான்தான், பார்த்திருக்கேன். அதைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்க சார்."

அந்த மாதிரிக் கேமராவில் பதிவானது முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். எனக்குத் தெரியும். முப்பதாவது நாளை எண்ணி அட்டையில் சிவப்பில் எழுதினேன். கைதான நாளிலிருந்து எண்ணினேன்.

எங்கள் தொழிலில் காலம் கைதிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும். நீதிபதி முன் நிறுத்துவது, ஜாமீன், குற்றப்பத்திரிகை, எல்லாமே அந்த நாளிலிருந்துதான். கை பழகிவிட்டது. கேமராவுக்கு யார் எப்போது கைதானார் என்றா தெரியும்? இருபத்தைந்தாவது நாளே போய் நின்றேன், ஐந்து நாள் மிச்சம் என்ற தெம்போடு. கடையில் இருந்த பையன், "போன வாரம் வந்திருக்கக் கூடாதா சார்? அழிஞ்சு ஆறு நாளாச்சே" என்றான்.

அன்று மாலை சிறைக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். முகமெல்லாம் நம்பிக்கை. அந்த முகத்தைப் பார்த்து, "நான் கோட்டை விட்டுவிட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை.

"பார்த்தேன். அதுல நீங்க இல்ல," என்றேன்.

"இல்லியா? நல்லா பாத்தீங்களா சார்?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

விரல்களை மடக்கி அன்றைய நேரத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான்தான் நேரத்தைக் குழப்பிக்கிறேனோ என்னவோ" என்றார். பொய்யன் என்றால் என் சட்டையைப் பிடித்திருப்பான். நேர்மையான ஆள் தன்னையே சந்தேகப்படுவான். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அது.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் பன்னிரண்டு வருஷம், வழக்காடித் தோற்றால் ஆயுள் என்று அரசுத் தரப்பு சொன்னது. வழக்காடினால் மருந்துக்கடையைப் பற்றிய பேச்சு வரும். பேச்சு வந்தால் தேதியும் வரும். அவருக்கு உள்ள உரிமைகளைப் பொறுமையாக விளக்கினேன். விசாரணை கேட்கலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், மௌனமாக இருக்கலாம். பிறகு ஒவ்வொன்றும் வேண்டாமென்று கையெழுத்து வாங்கினேன். என்னைப்போல் நிதானமாக விளக்குகிற வக்கீல் அந்த வளாகத்தில் இல்லை.

அவர் மனைவி என் அலுவலகத்துக்கு வந்து அழுதாள். "மருந்து வாங்கிட்டுத்தானே சார் வந்தாரு?"

"வந்தார்மா. எத்தனை மணிக்குங்கிறதுதான் கேள்வி. நீங்க கடிகாரம் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. ஜுரத்தில் கிடக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் கடிகாரம் பார்ப்பாள்? "பாப்பா பள்ளிக்கூடம் முடிக்கிறப்போ அப்பா வெளியில இருப்பார்" என்று தேற்றி அனுப்பினேன்.

ஒப்புதலுக்கு முந்தின நாள் மருந்துக்கடை முதலாளியம்மா வந்தார். கையில் பென் டிரைவ். "நான் ஊர்ல இல்ல சார், நேத்துதான் வந்தேன். நீங்க வந்து கேட்டதைப் பையன் சொன்னான். அன்னிக்கு யாரோ பால்பவுடர் டப்பாவைச் சுட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அந்த மணிநேரத்தைத் தனியா எடுத்து வச்சிருந்தேன். பார்த்தா உங்காளும் அதுல நிக்கிறாரு. புண்ணியமாப் போகட்டும்னு கொண்டாந்தேன்."

அவர் போனதும் பார்த்தேன். ஏழு இருபத்தொன்றிலிருந்து ஏழு ஐம்பத்தெட்டு வரை சாவிக்காரர் அங்கேதான் இருந்தார். கூட்டம் அதிகம். ஒரு முதியவருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்துப் பின்னால் போய் நின்றார். தோளில் பாப்பா, ஒரு காலில் செருப்பு இல்லை. வெளியேறும்போது ஷட்டர் பூட்டைத் தொட்டு, சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். தொழில்காரர் அல்லவா.

அதை மறுநாள் நீதிபதியிடம் கொடுத்திருந்தால் அந்த வாரமே வீடு போய்ச் சேர்ந்திருப்பார். தெரியும். ஆனால் நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேனே. கட்சிக்காரரிடம் இன்று ஒன்று நாளை ஒன்று பேசுகிற வக்கீலை யார் மதிப்பார்கள்? இழுப்பறையில் வைத்துப் பூட்டப் போனேன். சாவி சிக்கியது. ஒரு பென்சிலை எடுத்துச் சீவினேன்.

மறுநாள் நீதிபதி கேட்டார்: "யாராவது வற்புறுத்தினாங்களா?" சாவிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"இல்லைங்கய்யா. என் இஷ்டம்தான்."

கூட்டிக்கொண்டு போகும்போது என்னைக் கும்பிட்டார். "ரொம்ப மெனக்கெட்டீங்க சார். பூட்டு இப்ப பரவாயில்லியா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து, இரண்டு தெரு தள்ளி, தனியாக இருந்த இன்னொருவர். கதவு உடைபடவில்லை. காலைப் பத்திரிகையில் படித்தேன். காபி ஆறுவதற்குள் படித்து முடித்துவிட்டேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். கட்சிக்காரரின் விவகாரத்தை வெளியில் சொல்லாமல் காப்பது எங்கள் தொழிலின் முதல் விதி. நான் விதியை மீறுகிறவன் இல்லை.

போன மாதம் அவர் மனைவி இருமல் மருந்து வாங்கப் போயிருக்கிறாள். "அந்தப் பென் டிரைவ் உதவலியாம்மா?" என்று முதலாளியம்மா கேட்டிருக்கிறார். மற்றது உங்களுக்கே தெரியும். அவர் உள்ளே போய் நாலு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. பாப்பாவுக்கு ஒன்பது வயதாம்.

பென் டிரைவ் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரத்தை நான் அழிக்கவில்லை. அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், அழிப்பது குற்றம். பூட்டு சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. வக்கீல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு, வசதியில்லை என்றால் நீதிமன்றமே ஒருவரை அனுப்பும் என்று ஆரம்பத்தில் வாசித்துக் காட்டினீர்கள். ஒரு வார்த்தை பிசகாமல் வாசித்தீர்கள். அந்தக் காகிதத்தைக் கொடுங்கள், வேண்டாம் என்று எழுதித் தருகிறேன். யாரை அனுப்பிவைப்பார்களோ, எனக்குப் பயமாக இருக்கிறது.