சத்தம் போடாத கார்டு

— இப்ப கடையில எல்லாத்தையும் அணைச்சிட்டேன் மேடம். சொல்லுங்க, ஏதாவது கேட்குதா?

— கேட்குதே. டிக் டிக்னு ஒண்ணு.

— அது என் கைக்கடிகாரம் மேடம்.

— கைக்கடிகாரத்துக்குக்கூட இவ்வளவு சத்தமா? ஏங்க, இது உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். நீ கடிகாரத்தை விட்டுட்டு கம்ப்யூட்டர் கார்டைப் பாரு.

— எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிக்கிட்டு என்கிட்ட ஒண்ணுமே சொல்லல பாருங்க கடைக்காரரே, என் வீட்டுக்காரர். பத்தொன்பது வயசுல ஒரு காய்ச்சல்ல எனக்குக் காது போச்சு. போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் இந்தப் புது மெஷினை மாட்டிவிட்டார். அன்னிலேருந்து வீட்ல ஒரே கும்மாளம். என் செருப்பு பேசுது. ஃபிரிட்ஜ் தனியா உட்கார்ந்து முனகுது. இவர் பிஸ்கட் தின்னா, பக்கத்து வீட்ல சுவர் இடிக்கிறாங்களோன்னு எட்டிப் பார்த்தேன்.

— பிஸ்கட்டை வேற எப்படித் தின்கிறதாம்?

— டீயில ஊறவச்சுத் தின்னுங்க.

— சொல்லவே வேணாம் மேடம், எவ்வளவு சந்தோஷமான விஷயம். இப்ப கம்ப்யூட்டருக்கு வருவோம். கேம் விளையாடுவீங்களா?

— நானா? கார்ட்டூன் படத்துக்குக் கலர் போடறேன் கடைக்காரரே. வீட்டுலேருந்துதான் வேலை. மேசை முழுக்க வரிசையா நாலு ஸ்கிரீன். மெஷின் மாட்டின அன்னிக்கே மத்தியானம் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன் பாருங்க, மில்லுக்குள்ள தலையை விட்ட மாதிரி ஆயிடுச்சு. எழுந்து ஓடி வாசல்ல நின்னேன். இவர்கிட்ட கேட்கிறேன், இது ஒன்பது வருஷமா இப்படித்தான் கத்துதான்னு. ஆமாங்கிறார். ஏங்க சொல்லலன்னா, நீ கேட்கலையேங்கிறார்.

— எந்த அர்த்தத்துல எடுத்துக்கிட்டாலும் நான் சொன்னது சரிதானே?

— கத்தறது ஸ்கிரீனுக்குப் படம் அனுப்பற கிராஃபிக்ஸ் கார்டோட ஃபேன் மேடம். ஒன்பது வருஷமா ஒரே கார்டா சார்?

— ஒரே கார்டுதான். நல்லா உழைச்ச கார்டு. நான் என்ன சொல்றேன்னா, அதையே கொஞ்சம் தூசி தட்டி, ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு...

— இவர் காலையிலேருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கார். கேளுங்க கடைக்காரரே, என் கஷ்டம் இதுதான். கம்ப்யூட்டர் ஓடும்போது காதுல மெஷினை வச்சிக்கவே முடியல, கழட்டி டப்பாவுல போட்டுடறேன். நாள் முழுக்க எனக்கு வேலைதான். அப்ப மெஷின் எதுக்கு? பதினைஞ்சு நாள் போட்டுப் பாரும்மா, ஒத்துவரலன்னா திருப்பிக் கொடுத்துடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். எனக்குத் திருப்பிக் கொடுக்க மனசே இல்ல. அதனால சத்தம் போடாத கார்டா ஒண்ணு கொடுங்க. நாலு ஸ்கிரீனும் ஓடணும். அவ்வளவுதான்.

— புரிஞ்சுது மேடம். சத்தம்னா என்னன்னு முதல்ல ஒண்ணு காட்டிடறேன், வித்தியாசம் தெரியும். இது கேம் விளையாடறவங்க விரும்பி வாங்கறது. மூணு ஃபேன், கலர் கலரா லைட்டு. முழு வேகத்துல விடட்டுமா?

— விடுங்க, விடுங்க. ஐயோ போதும், நிறுத்துங்க. விமானத்தைக் கடைக்குள்ள கொண்டுவந்து இறக்கிட்டீங்களே.

— எனக்கு இது பிடிச்சிருக்கு. இதையே பில் போடுங்க.

— ஏங்க, நீங்க யார் கட்சி?

— நான் என்ன சொல்றேன்னா, ஒரு வண்டின்னா அது ஓடுதுன்னு நமக்குத் தெரியணும். இருபது வருஷமா பஸ் ஓட்டறவன் சொல்றேன், சத்தமே போடாத இன்ஜினை நம்பக்கூடாது.

— சார், கடை ஆரம்பிச்ச நாள்லேருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் ஆளுங்க வந்திருக்காங்க. கூட்டிக் கொடுன்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்.

— இவரை விடுங்க, ஏதோ பிடிவாதம். அதோ அந்தச் சுவர்ப் பக்கம் வரிசையா கீபோர்டு வச்சிருக்கீங்களே, அதுங்களும் சத்தம் போடுமா?

— ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி போடும் மேடம். தட்டிப் பாருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

— நான் போய்த் தட்டிட்டு வரேன். அதுக்குள்ள என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நல்ல புத்தி சொல்லி வைங்க.

— சார், மேடம் அந்தப் பக்கம் போயிட்டாங்க. தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேட்கிறேன். அவங்களுக்குக் காது கேட்கிறது உங்களுக்குப் பிடிக்கலையா?

— என்னய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? டாக்டர் ரூம்ல என் குரலைக் கேட்டுட்டு, இவ்வளவு கட்டைக் குரலா உங்களுக்குன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. நான் வெளியில போய் மாடிப்படியில உட்கார்ந்து பத்து நிமிஷம் அழுதுட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

— அப்புறம் ஏன் சார் இந்த முட்டுக்கட்டை?

— மெதுவாப் பேசுங்க.

— அவங்க தட்டற தட்டுல கடையே அதிருது. ஒண்ணும் கேட்காது, சொல்லுங்க.

— எனக்கு நேருக்கு நேரா பேச வராது. அதுதான் விஷயம். அவ உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சிக்குவா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். எதிர்ல உட்கார்ந்துட்டா என் வாயையே உத்துப் பார்த்துக்கிட்டு இருப்பா. அப்படிப் பார்த்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. சாப்டியா, கரண்ட் பில் கட்டியாச்சா, குடை எடுத்துட்டுப் போ. இதுக்கு மேல ஒரு வார்த்தை வராது.

— எங்க வீட்லயும் அதேதான் சார். எனக்குக் காரணம்கூட கிடையாது.

— ஆனா சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு வருவேன் பாருங்க. அவ கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருப்பா, முதுகு என் பக்கம். அந்தக் கார்டு லாரி மாதிரி இரைஞ்சுக்கிட்டு இருக்கும். நான் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு, சட்டைப் பட்டனைக் கழட்டிக்கிட்டே, அன்னிக்கு நடந்தது அத்தனையும் சொல்லிடுவேன்.

— அத்தனையும்னா?

— டிப்போ கேட்ல பஸ்ஸை இடிச்சது. அவ அண்ணனைப் பத்தி என் அபிப்பிராயம். பஸ்ல ஒரு அம்மா என்னைத் திட்டினதும், நான் திருப்பிச் சொல்ல நினைச்சுச் சொல்லாம விட்டதும். சில நாள் பாட்டுகூடப் பாடுவேன்.

— நீங்க பாடுவீங்களா சார்?

— மாட்டேன். அதாவது பாட வராது. அந்த இரைச்சல்ல எனக்கே கேட்காதுங்கிற தைரியத்துல பாடறதுதான். அப்புறம் கடைசியா ஒண்ணு சொல்லுவேன். தினமும். அது என்னன்னு மட்டும் கேட்காதீங்க.

— சொல்லவே வேணாம் சார்.

— இப்ப சொல்லுங்க. ஊசி விழுந்தா கேட்கிற மாதிரி ஒரு கார்டை மாட்டிட்டா நான் எங்க போய்ப் பேசறது? நாலு நாளா நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவ கம்ப்யூட்டரை அணைச்சிட்டு மெஷினை மாட்டிக்கிறா. நாற்காலிக்குப் பின்னாடி போய் நிக்கிறேன், வாயைத் திறக்கிறேன், அவ திரும்பி என்னங்கங்கிறா. குடை எங்கன்னு கேட்டுட்டு வந்துடறேன். நாலு நாளா குடையைத் தேடறேன்யா.

— சரி, சத்தமான கார்டையே வாங்கிட்டுப் போறீங்கன்னு வையுங்க. அவங்க மெஷினைக் கழட்டி வச்சிடுவாங்க. பதினைஞ்சாவது நாள் திருப்பிக் கொடுத்துடுவாங்க. உங்களுக்குப் பேச இடம் கிடைச்சிடும். சம்மதமா?

— அவளைப் பாருங்களேன். ஸ்பேஸ் பாரை மட்டும் எத்தனை தடவை தட்டறா. ஒவ்வொரு தட்டுக்கும் தனியா ஒரு சிரிப்பு.

— சம்மதமான்னு கேட்டேன் சார்.

— இல்ல. சம்மதம் இல்ல. எது அமைதியோ அதையே கொடுங்க. கடையிலேயே அமைதியானது எதுவோ அது. நான் வாயை மூடிக்கிறேன், போங்க.

— ஏங்க, வந்து தட்டிப் பாருங்களேன். முதல் கீபோர்டு மழை பெய்யற மாதிரி இருக்கு. கடைசில இருக்கிறது பல்லைக் கடிக்குது. நடுவுல ஒண்ணு ரொம்ப மரியாதையா, மன்னிச்சிக்குங்க மன்னிச்சிக்குங்கங்குது. என்ன, ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்களா?

— சார் முடிவு பண்ணிட்டார் மேடம். இதோ, கடையிலேயே அமைதியான கார்டு. இதுல ஃபேனே கிடையாது. இந்த அலுமினியத் தகடே சூட்டை இழுத்து வெளியில விட்டுடும். ஓடுதா இல்லையான்னு நாம தொட்டுப் பார்த்தாத்தான் தெரியும். ஒரே குறை, மூணு ஸ்கிரீன்தான் மாட்டலாம்.

— எனக்கு நாலு இருக்கே.

— மூணு போதும். நான் என்ன சொல்றேன்னா, ஒண்ணுல படம், ஒண்ணுல கலர் டப்பா, ஒண்ணுல டைரக்டர் எழுதி அனுப்பற குறிப்பு. அந்த நாலாவதுல என்ன இருக்கு? நான் பார்த்த நாள்லேருந்து கறுப்பாத்தான் இருக்கு. அதைக் கழட்டிடலாம். கடைக்காரரே, இந்தக் கார்டையே கட்டிடுங்க.

— நாலாவதைத் தொடக்கூடாது.

— அதுல ஒண்ணுமே ஓடலையே.

— ஓடலன்னா என்ன? எனக்கு நாலும் வேணும், சத்தமும் கூடாது. வேற இல்லையா கடைக்காரரே?

— இருக்கு மேடம், சண்டை வேணாம். இது பாருங்க. நாலு ஸ்கிரீன் மாட்டலாம். ரெண்டு ஃபேன் இருக்கு, ஆனா கார்டு சூடாகலன்னா ரெண்டும் தானா நின்னுக்கும். நீங்க கேம் விளையாடாததால அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இருங்க, இந்த நாலு ஸ்கிரீன்ல மாட்டிக் காட்டறேன்.

— சுத்துதே. உஸ்ஸுன்னு கேட்குதே கடைக்காரரே.

— நிக்கணுமே. ஏன் நிக்கல? ஓஹோ, புரிஞ்சுபோச்சு. மூணு ஸ்கிரீன் வினாடிக்கு அறுபது தடவை படத்தை மாத்துது, இந்த ஓரத்து ஸ்கிரீன் மட்டும் எழுபத்தஞ்சு தடவை. ஆளுக்கொரு வேகத்துல இழுத்தா கார்டு எப்படி உட்காரும், சும்மா இருந்தாலும் சூடாகும். நாலையும் அறுபதுல வச்சிடறேன். வீட்லயும் இதே மாதிரி வச்சிக்குங்க. இப்ப ரெண்டு நிமிஷம் பொறுங்க.

— நின்னுடுச்சு. ஏங்க, நின்னுடுச்சு. நீங்க மூச்சு விடறது கேட்குது. கொஞ்சம் வேகமா விடறீங்களே, ஏன்?

— ஒண்ணுமில்ல. நல்ல கார்டு. இதையே வாங்கிடலாம். ஆனாலும் நான் என்ன சொல்றேன்னா, சும்மா கறுப்பா நிக்கிற ஒரு ஸ்கிரீனுக்காக இத்தனை பாடா? அது யாருக்கு?

— உங்களுக்குத்தாங்க.

— எனக்கா?

— நாலாவது ஸ்கிரீன் கறுப்பா இருந்தா கண்ணாடி மாதிரிங்க. பக்கத்து ஜன்னல் வெளிச்சம் வேற. நாற்காலிக்குப் பின்னாடி வந்து நிக்கிறவர் முகம் பளிச்சுன்னு தெரியும். உதடுகூடத் தெரியும்.

— எத்தனை நாளா?

— ஒன்பது வருஷமா. டிப்போ கேட்டும் தெரியும், எங்க அண்ணனைப் பத்தி நீங்க சொன்னதும் தெரியும். அதுல ஒண்ணு ரெண்டு சரிதான், அவன் அப்படித்தான்.

— சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருந்தா மறுநாளே வாயை மூடிக்கிட்டு குடையைத் தேடியிருப்பீங்க.

— மேடம், நான் வேணும்னா கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நிக்கட்டுமா?

— நீங்க பில் போடுங்க கடைக்காரரே. ஏங்க, நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கிறீங்க, இங்க பாருங்க.

— அப்ப தினமும் கடைசியா ஒண்ணு சொல்லுவேனே, அதுவுமா?

— வார்த்தை எனக்கு மனப்பாடம். அதை நீங்க மெதுவாச் சொல்லுவீங்களா, சத்தமாச் சொல்லுவீங்களான்னுதான் இன்னும் தெரியாது. அதுக்குத்தாங்க இந்தக் கார்டு.