பாலில் போட்ட பல்

ஹலோ... ஹலோ, ஏங்க, கேக்குதா? நான் பல் டாக்டர்கிட்டதான் இருக்கேன்... ஆமா, ஆமா, உங்க பொண்ணு வாலு நாற்காலியில வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கா... அவ எங்க அழுறா, டாக்டரைத்தான் அழ வைக்கிறா.

அந்த உடைஞ்ச பல்லுத் துண்டு கிடைச்சுதா?... அவ விழுந்த ஊஞ்சலுக்குக் கீழயே கிடந்துச்சா? கெட்டிக்காரர்தான் போங்க. நான் சொன்ன மாதிரி பால்ல போட்டு வெச்சீங்கல்ல?... சரி, அப்படியே எடுத்துட்டு ஓடி வாங்க...

என்னது, பிடுங்கிடலாமா? ஏங்க, இது விழுந்து முளைச்ச பல்லுங்க. இதுவும் போச்சுன்னா அப்புறம் பல்செட்டுதான்... உங்க கடையில கடிகாரத்துக்கு முள்ளு மாத்துற மாதிரி மாத்த முடியாது. வேரே இன்னும் பாதிதான் வளந்திருக்காம். உள்ள இருக்கிற நரம்பு உயிரோட இருந்தாதான் மீதியும் வளருமாம். அது செத்துட்டா வேர் அப்படியே நின்னுடுமாம்...

அதாங்க எனக்கும் பயமா இருக்கு. எட்டு வயசுதான் ஆகுது... ஐய, நீங்க எதுக்கு மூக்கை உறிஞ்சுறீங்க?

இருங்க, இருங்க. பல்லுல ஐஸ் வெச்சுப் பாக்குறாரு. கூசுச்சுன்னா நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தமாம்... வெச்சுட்டாரு... பேசாம இருக்கா... என்னங்க இது, பேசாமலே இருக்கா...

கேட்டுச்சா? அங்க வரைக்கும் கேட்டுச்சா? அவ கத்திட்டா! டாக்டர் விரலையும் கடிச்சிட்டா!... ஆமா, ஆமா, உயிரோட இருக்கு. அவ கத்தி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்ல... நரம்பு மேல மருந்து வெச்சு மூடிடுவாராம். அதுக்கு மேல துண்டை ஒட்டிட்டா முடிஞ்சுது. கிளம்பிட்டீங்களா?...

இன்னும் கிளம்பலையா?... டீயா? பதட்டத்துல ஒரு டீ போட்டுக் குடிச்சீங்க, அதுக்கென்ன இப்போ... எந்தப் பால்ல?... எந்த டம்ளர்ல இருந்த பால்ல?...

வடிகட்டியில பாருங்க... வடிகட்டவே இல்லையா?... கடக்குன்னு ஏதோ தொண்டையில போச்சா? ஏலக்காய்னு நெனச்சீங்களா?

டாக்டர், நீங்க சிரிக்காதீங்க... இல்லங்க, உங்களை இல்ல. துண்டு போனாப் போகட்டுமாம், உடைஞ்ச இடத்தை அவரே பூசிக் கட்டிக் குடுத்துடுவாராம். உயிர் இங்கதான் இருக்காம்...

இருங்க, வாலு உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். வாயில பஞ்சு, ஒண்ணும் புரியல... என்னடி?... ம்... ம்...

டீயில சக்கரை போட்டீங்களான்னு கேக்குறா. போட்டிருந்தா வயித்துக்குள்ள அவ பல்லு சொத்தையாயிடுமாம், உடனே தண்ணி குடிச்சுக் கொப்பளிக்கச் சொல்றா... எனக்கென்ன தெரியும், குடிங்க. வெச்சுடுறேன்.