ஒற்றை இறக்கைப் பிள்ளை

அக்கிராசனாதிபதி அவர்களே, பவானிபூர் வாழ் தமிழ் மகா ஜனங்களே!

நம் சிற்பி ஸ்ரீமான் சுந்தரேசன் போய்விட்டார். போன மாதம் இதே மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கச்சேரிக்குத் தப்புத் தாளம் போட்டுக்கொண்டிருந்த மனிதர்! சாதாரண ஜுரம் என்றார்கள். மனசு ஆறவில்லை ஐயா!

பகலில் என்னோடு சர்க்கார் ஆபீஸில் பிளான் வரைந்தார். சாயங்காலம் என்ன செய்தார்? மெழுகும் களிமண்ணுமாக உட்கார்ந்தார். என்ன விக்கிரகம் என்று கேட்டோம். விக்கிரகமில்லை, கிரேக்க புராணத்துப் பிள்ளை ஒருவனை வெண்கலத்தில் வார்க்கப் போகிறேன் என்றார்! தகப்பன் மெழுகால் ஒட்டிக் கொடுத்த இறக்கையோடு சூரியனிடம் பறந்து, மெழுகு உருகிக் கடலில் விழுந்த பிள்ளை. இந்தத் துணிச்சல் நம்மில் யாருக்கு வரும்? சுந்தரேசனுக்கு வந்தது!

சுவாமி விக்கிரகம் வார்க்கும்போது உலையில் பொன் போடுவது நம் வழக்கமல்லவா? உலை மூட்டிய செய்தி கேட்டு, அனந்தலக்ஷ்மி மாமி மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். சுந்தரேசன் பதறிப் போனார்.

“மாமி, இது சுவாமி இல்லை. அப்பா சொன்னதைக் கேக்காம உசரப் பறந்து விழுந்த பிள்ளை!”

“எந்தப் பிள்ளைதான் கேக்கறது?” என்று மூக்குத்தியை உலையில் போட்டுவிட்டார் மாமி!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவரும் சிரித்தார். ஆனால் வெண்கலத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்தபோது அவர் முகம் வாடிவிட்டது. ஒரு இறக்கைக்குள் வெண்கலம் ஓடவேயில்லை. சிலையை உருக்கி மணியாக வார்த்துவிடலாம் என்று நம்மில் சிலர் யோசனை சொன்னோம். விழுந்தவனை நெருப்பிலும் போடுவதா என்று கோபித்துக்கொண்டார். இறக்கைக்கு மட்டும் தனி அச்சு செய்தார். அதைச் சுடுவதற்குள் ஜுரம் முந்திக்கொண்டது.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சம்சாரம் ஸ்ரீமதி பாகீரதி அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “மழை வரப்போறது. கொட்டகை ஒழுகும். பச்சை மண் அச்சு, நனைஞ்சா கரைஞ்சுடும். நான் அழறது இருக்கட்டும், முதல்ல அதைப் பாருங்கோ.”

மகா ஜனங்களே, இதைவிடப் பெரிய இரங்கல் உரை நான் என்ன செய்ய? அவரோடு உலையில் வேலை செய்த வங்காளிக் கன்னார் ஹரிபத பாபு, ஞாயிற்றுக்கிழமை வார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கரி சுமக்க ஆள் வேண்டும். துருத்தி ஊத ஆள் வேண்டும். வானம் இப்போதே கறுத்திருக்கிறது.

அனுதாபத் தீர்மானத்துக்கு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வார் தலைவர். நில்லுங்கள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள்!

இதோ, என் கை.