முகம் மலர்ந்து நாற்பது நிமிஷம்

காத்திருப்பு அறைக்கு மெத்தை நாற்காலிகள் போடச் சொன்னது நான்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நன்றாக இருப்பவருக்கே இடுப்பு கழன்றுவிடும். வருகிறவர்களோ நோயாளிகள்.

அந்த இதய டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருஷம் முன்மேசையில் இருந்தேன். டோக்கன் போடுவேன், ஆளை உள்ளே அனுப்புவேன். அவசரமென்றால் உடனே டாக்டர் கதவைத் தட்ட வேண்டும். யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரத்திடம் மணி கேட்பதுபோல், "டாக்டர் இருக்காரா?" என்பார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் பார்த்தார். போன மாதம், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது, என் மேசைப் பலகையை விரலால் தட்டினார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?"

"வரவேற்பாளர்ங்க சார்."

"அர்த்தம் தெரியுமா? வர்றவங்கள முகம் மலர்ந்து ஏத்துக்கிறவங்க. நீ என்னடான்னா வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி உக்காந்திருக்க. பலகைய மாத்தச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. கண்ணாடி முன் நின்று பழகினேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை வாத்தியார் மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியும்.

எழுந்து நின்றேன். "வாங்க சார், வாங்கம்மா. உக்காருங்க."

மின்விசிறிக்குக் கீழே இடம் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பேரப்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தேன்.

"சீக்கிரம் டாக்டரப் பாக்கணும்மா," என்றார் அந்த அம்மா.

"உள்ள ஆள் இருக்காங்கம்மா. இதோ, கூப்பிடுவாங்க."

உள்ளே ஆள் இல்லை. டாக்டர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை போனில், "வெளிய யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தி, "இல்லைங்க டாக்டர்," என்றேன்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. வாத்தியார் தலை சாய்ந்து, மூச்சு நின்ற பிறகுதான் கதவைத் தட்டினேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டியேம்மா," என்று அழுதார்.

கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். இருக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை. தெரிந்தேதான் உட்கார வைத்தேன். அவர்மேல் கோபமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கோபம் இருந்தால் அவ்வளவு நேரம் அப்படிச் சிரித்திருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.